சீனாவின் ஜுவான்ஷெங்பென் தேர்வு: இங்கிலீஷ் ரீடிங்கில் 20க்கு 10ஐத் தாண்டாத மாணவர்களுக்கு என்ன பயிற்சி தரலாம்?

நீலமலர் எழுதியது:

வணக்கம். ஹாங்ஜோவில் ஜுவான்கே (மூன்று வருட டிப்ளமோ) கடைசி வருடம் படிக்கும் நான்கு மாணவர்களுக்கு ஆன்லைனில் இங்கிலீஷ் எடுக்கிறேன். ஜுவான்ஷெங்பென் தேறினால் பென்கே பட்டப்படிப்பில் நேராக மூன்றாம் வருடம் சேர்ந்துவிடலாம். கையில் இருப்பது 14 வாரம்.

வார்த்தை அறிவு மோசமில்லை. செயலியில் தினமும் 50 வார்த்தை பார்க்கிறார்கள், 3,000ஐத் தாண்டிவிட்டார்கள். கிராமர் கேள்விகளில் பத்துக்கு ஏழு வருகிறது. ஆனால் 300 வார்த்தையில் நான்கு பாசேஜ், தலா 5 கேள்வி என்று வைத்தால் 20க்கு 9 அல்லது 10தான். தினமும் 4 பாசேஜ் வீதம் மூன்று வாரம் செய்தும் அந்த எண் நகரவில்லை. ஒரு வார்த்தைகூடப் புதிதில்லாத பாசேஜிலும் தப்பு வருவதுதான் புரியவில்லை.

முதலில் கேள்வியைப் படிக்கச் சொல்வதா, பாசேஜையா? ஒரு நாளைக்கு எத்தனை பாசேஜ்? எந்தத் தாள்களை வைத்துப் பயிற்சி தருவது?

---

பனையோலை எழுதியது:

முதல் வேலை, தினம் 4 பாசேஜை நிறுத்துங்கள். நான்கைச் செய்து, விடையைப் பார்த்து, டிக் போட்டுவிட்டுப் போவது பரிட்சை வைப்பது மாதிரி. பயிற்சி அங்கே நடப்பதில்லை. தினம் ஒன்று போதும். ஆனால் அந்த ஒன்றுக்கு 50 நிமிடம் கொடுக்க வேண்டும்.

அந்த 50 நிமிடத்தை இப்படிப் பிரியுங்கள். கடிகாரம் வைத்து 8 நிமிடத்தில் நீல மையால் 5 கேள்விக்கும் விடை. விடைத்தாளைப் பார்க்கக் கூடாது. பிறகு நேரக் கட்டுப்பாடு இல்லாமல், அகராதியும் இல்லாமல் இன்னொரு முறை படித்து, சிவப்பு மையால் மறுபடி விடை. மூன்றாவதாக அகராதியோடு ஒரு முறை, ஆனால் பாசேஜுக்கு 6 வார்த்தைக்கு மேல் தேடக் கூடாது. அதன் பிறகுதான் விடைத்தாள். இந்த இரண்டு மையும்தான் நோயைக் காட்டும். நீலத்தில் 2, சிவப்பில் 4 வந்தால் பிரச்சினை வேகம். நீலத்திலும் சிவப்பிலும் 2 என்றால் வேகத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம், வாக்கியம் புரியவில்லை. சிவப்பிலும் 2, அகராதிக்குப் பிறகு 4 என்றால் வார்த்தைதான் குறை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் மாணவர்கள் இரண்டாவது வகை.

அந்த வகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தமிழ் பேசும் வாத்தியார் ஒருவருக்கு இது சட்டென்று பிடிபடும். சீன மொழியில் ஒரு பெயரை விவரிக்கும் சொற்கள் எல்லாம் பெயருக்கு முன்னால் வரும், நடுவில் 'த' என்ற இணைப்போடு. நம் பெயரெச்சம் மாதிரியே. 'நேற்று வந்த பையன்' என்கிறோம், அவர்களும் அதே வரிசையில்தான் சொல்கிறார்கள். இங்கிலீஷில் அந்த விவரம் பெயருக்குப் பின்னால் தொங்கும். பின்னால் தொங்குவது நீண்டுவிட்டால், முக்கிய வினை வரும்போது எழுவாய் எது என்பதே மறந்துபோகும். சீனாவில் இதற்கு 'சாங்நான்ஜு', நீளமான கடின வாக்கியம், என்று தனிப் பெயரே வைத்துப் பயிற்சி செய்கிறார்கள்.

ஒரு வாக்கியம் பார்ப்போம்:

'தி ரிப்பேர் ஷாப்ஸ் தட் ஓப்பன்ட் பிசைட் தி கேம்பஸ் ஆஃப்டர் தி பைக்-ஷேரிங் கம்பெனீஸ் வித்ட்ரூ ஹேவ் சர்வைவ்ட் நாட் பிகாஸ் ஸ்டூடன்ட்ஸ் ரைட் மோர் பட் பிகாஸ் தே கீப் தேர் ஓல்ட் பைசிக்கிள்ஸ் லாங்கர்.'

கடினமான வார்த்தை என்று இதில் எதுவும் இல்லை. ஆனாலும் 'பிழைத்து நிற்பது யார்?' என்று கேளுங்கள், பாதிப் பேர் 'கம்பெனிகள்' என்பார்கள். 'ஹேவ் சர்வைவ்ட்' என்பதற்குப் பக்கத்தில் இருக்கும் பன்மைப் பெயர் 'கம்பெனீஸ்'தானே. உண்மையில் பிழைத்திருப்பவை 'ரிப்பேர் ஷாப்ஸ்', 11 வார்த்தை முன்னால் கிடக்கிறது.

இதை உடைக்கச் சொல்லித் தருவது இப்படி. முதலில் காலம் காட்டும் வினைகளை எல்லாம் வட்டமிடட்டும்: ஓப்பன்ட், வித்ட்ரூ, ஹேவ் சர்வைவ்ட், ரைட் (சைக்கிள் ஓட்டுவது), கீப். ஐந்து வினை. அடுத்து 'தட்', 'ஆஃப்டர்', 'பிகாஸ்' போன்ற இணைப்புச் சொல் ஒவ்வொன்றும் தனக்கு ஒரு வினையை எடுத்துக்கொள்ளும். தட் எடுப்பது ஓப்பன்ட், ஆஃப்டர் எடுப்பது வித்ட்ரூ, இரண்டு பிகாஸும் ரைட், கீப் இரண்டையும் எடுத்துக்கொண்டன. யாரும் எடுக்காமல் மிஞ்சுவது 'ஹேவ் சர்வைவ்ட்'. அதுதான் முக்கிய வினை. அதன் எழுவாயைத் தேடிப் பின்னால் போகட்டும். கடைசியாக 'தே' யார் என்று கேளுங்கள். கடைகளா, மாணவர்களா? ஒவ்வொரு பாசேஜிலும் இப்படி மூன்று வாக்கியம், எழுதிக் காட்ட வேண்டும். வாயால் 'புரிந்தது' என்று சொன்னால் ஏற்காதீர்கள். முழு வாக்கியத்தையும் சீனத்தில் மொழிபெயர்க்கச் சொல்லலாம், ஆனால் போன் கேமராவில் படம் பிடித்து மொழிபெயர்ப்பதைக் கண்டிப்பாகத் தடுங்கள். அதைப் பார்த்த பிறகு வாக்கியம் புரிந்த மாதிரி ஓர் உணர்வு வரும், உடைக்கும் வேலை மட்டும் நடந்திருக்காது.

---

கடற்காற்று எழுதியது:

பனையோலை சொன்ன இரண்டு மை முறையை அப்படியே வழிமொழிகிறேன். தாள்கள் பற்றியும் நேரம் பற்றியும் நான் சொல்கிறேன்.

நீலமலர், முதலில் ஒன்று. மாணவர்களிடம் அவர்கள் மாகாணத்தின் தேர்வு விளக்கக் குறிப்பை வாங்கிப் பாருங்கள். இது நாடு முழுக்க ஒரே தாள் இல்லை, ஒவ்வொரு மாகாணமும் தனித்தனியாக நடத்துகிறது. பெயர்கூட மாறும். ஜியாங்சுவில் ஜுவான்ஜுவான்பென் என்பார்கள், குவாங்டோங்கில் வெகுகாலம் ஜுவான்சாபென் என்றும் ஹெபெயில் ஜுவான்ஜியேபென் என்றும் சொல்லிவந்தார்கள். அக்டோபரில் நடக்கும் வயதுவந்தோர் தேர்வு வேறு, அதிலும் ஜுவான்ஷெங்பென் என்ற பிரிவு இருப்பதால் இணையத்தில் தேடினால் இரண்டு தாளும் கலந்து வரும். அதை எடுத்து வைத்துப் பயிற்சி செய்துவிட்டு உண்மைத் தாளில் வேறு அமைப்பைப் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு. ஹாங்ஜோ இருக்கும் ஜெஜியாங் மாகாணத்தில் இதுவரை நடந்துவந்த முறையில் இரண்டே பாடம்: இங்கிலீஷ் 150, அதோடு கணிதம் அல்லது சீன மொழி 150. அதாவது மொத்த மார்க்கில் பாதி இங்கிலீஷ். ரீடிங்கில் விடும் ஒவ்வொரு கேள்வியும் ரேங்க்கில் தெரியும். பெரும்பாலான மாகாணங்களில் படிப்பு முடிக்கும் வருடத்தில் மட்டும்தான் இதை எழுத முடியும், ஆகவே 'அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சுக்கு இடமில்லை.

தாள்கள்: பழைய வருடத்து நிஜக் கேள்வித்தாள்களுக்கு 'ஜென்தி' என்று பெயர். ஒரு மாகாணத்துக்கு ஐந்து வருடத் தாள் சேர்த்தால் ஏறக்குறைய 20 பாசேஜ் தேறும், அவ்வளவுதான் சொத்து. அதை முதல் வாரத்திலேயே கரைத்துவிடாதீர்கள். கடைசி இரண்டு வருடத் தாளைத் தொடாமல் வைத்து, தேர்வுக்கு முந்தைய மூன்று வாரத்தில் முழு நேரத் தேர்வாக எழுத வையுங்கள். அதுவரை என்ன செய்வது? சீனாவின் கல்லூரி இங்கிலீஷ் நான்காம் நிலைத் தேர்வு, சிஇடி-4, 2006 சீர்திருத்தத்துக்கு முன் நான்கு பாசேஜ், 20 கேள்வி, 35 நிமிடம் என்ற அமைப்பில் இருந்தது. உங்களுக்கு வேண்டிய அதே அச்சு. இன்றைய சிஇடி-4இல் நீளமான பாசேஜோடு 10 வாக்கியம் பொருத்துவதும், 15 சொல்லிலிருந்து 10 இடம் நிரப்புவதும் உண்டு, அவற்றை விட்டுவிட்டு கடைசியில் வரும் இரண்டு சிறு பாசேஜை மட்டும் எடுங்கள். முதல் இரண்டு வாரத்துக்கு அதுவும் கனம் என்றால், ஜுவான்கே மாணவர்களுக்கென்றே நடக்கும் பயன்பாட்டு இங்கிலீஷ் தேர்வின் ஏ-நிலைத் தாள் போதும். பி-நிலை வேண்டாம், ரொம்ப எளிது.

ஓர் எச்சரிக்கை. சில மாகாணங்களின் தாள் என்று சுற்றுவது, எழுதியவர்கள் நினைவிலிருந்து திரட்டிய 'ஹுய்யிபான்'. அதில் பாசேஜின் ஒரு வாக்கியம் காணாமல் போயிருக்கலாம், விடையும் யாரோ போட்டது. மாணவர் விடைக்கும் அதற்கும் ஒத்துவரவில்லை என்றால் முதலில் தாளைச் சந்தேகியுங்கள்.

நேரம். ஒரு பாசேஜுக்கு 8 நிமிடம் என்பது நல்ல அளவு. 1 நிமிடம் கேள்விகளின் தலைவரி (ஆப்ஷன்கள் இல்லாமல் கேள்வி வாக்கியம்) மட்டும், 3 முதல் 4 நிமிடம் பாசேஜ், மிச்சம் விடை தேட. 300 வார்த்தையை 3½ நிமிடத்தில் படிப்பது நிமிடத்துக்கு 85 வார்த்தை சொச்சம், எட்டக்கூடிய வேகம்தான். நான் கேள்வி முதலில் என்ற கட்சி. ஆனால் தலைவரி மட்டும், நான்கு ஆப்ஷனையும் முதலில் படிக்கவே கூடாது. நான்கில் மூன்று பொய். பாசேஜுக்குள் நுழையும் முன்பே மூன்று பொய்யைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனால், படிக்கும்போது அந்தப் பொய்க்கு ஆதாரம் தேடத் தொடங்கிவிடுவார்கள். பெரும்பாலும் கேள்விகள் பாசேஜின் வரிசையிலேயே வரும், மையக் கருத்துக் கேள்வி மட்டும் விதிவிலக்கு. அதை ஐந்தில் கடைசியாகச் செய்யட்டும்.

விடைக் கட்டங்களை 2பி பென்சிலால் நிரப்புவதை ஒவ்வொரு பாசேஜ் முடிந்ததும் செய்துவிடச் சொல்லுங்கள். 20ஐயும் கடைசியில் நிரப்பினால் ஒரு வரி தள்ளிப் போய் பத்துக் கேள்வி போகும். தப்புக்கு மார்க் குறைப்பு கிடையாது, எதையும் வெறுமனே விட வேண்டாம்.

---

செங்காந்தள் எழுதியது:

கடற்காற்று அண்ணா சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. கேள்வி முதலில் என்பது சிவப்பு மையில் 4 எடுப்பவருக்குச் சரி. வாக்கியமே புரியாதவருக்கு அது கெடுதல். அவர் தலைவரியிலிருந்து ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, பாசேஜில் அந்தச் சொல் இருக்கும் வரிக்கு ஓடி, அந்த வரியைப் போலவே இருக்கும் ஆப்ஷனைக் குறித்துவிடுவார். நீலமலர் சொல்லும் 'எல்லா வார்த்தையும் தெரிந்தும் தப்பு' என்பது இதுவாகத்தான் இருக்க வேண்டும். முதல் ஐந்து வாரம் பாசேஜ் முதலில், பிறகு மாற்றிக்கொள்ளுங்கள்.

சொல்லைச் சொல்லோடு ஒட்டவைப்பது ஏன் ஆபத்து என்பதற்கு பனையோலை கொடுத்த அதே வாக்கியத்தை எடுத்துக்கொள்கிறேன். கேள்வி: ரிப்பேர் கடைகள் ஏன் பிழைத்திருக்கின்றன?

ஏ: மாணவர்கள் முன்பைவிட அதிகம் சைக்கிள் ஓட்டுகிறார்கள்.
பி: சைக்கிள்-பகிர்வு கம்பெனிகள் பழைய வண்டிகளை அவற்றுக்கு விற்றன.
சி: சிறு கடைகள் பெரிய கம்பெனிகளைவிட எப்போதும் நன்றாக நடக்கும்.
டி: மாணவர்கள் முன்போல் அடிக்கடி வண்டி மாற்றுவதில்லை.

ஏ-யில் 'ரைட் மோர்' பாசேஜில் அப்படியே இருக்கிறது, ஆனால் முன்னால் 'நாட் பிகாஸ்' நிற்கிறது. பாசேஜ் மறுத்ததை ஆம் என்கிறது. பி கேட்க நியாயமாக இருக்கும், பாசேஜில் எங்கும் இல்லை. சீனாவில் இதை 'வூ ஜோங் ஷெங் யோ' என்பார்கள், ஒன்றுமில்லாததிலிருந்து ஒன்று பிறப்பது. சி ஒரு கேம்பஸ் பக்கத்துக் கடைகளை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்கிறது. டி-யில் பாசேஜின் சொல் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. 'கீப் லாங்கர்' என்பது 'அடிக்கடி மாற்றுவதில்லை' ஆகிவிட்டது. விடை அதுதான். சொல்லை மாற்றிப் பொருளைக் காப்பதற்கு 'தோங்யி திஹுவான்' என்று பெயர். தேர்வு தயாரிப்பவர் சரியான விடையை ஒளித்து வைக்கும் இடம் பெரும்பாலும் இதுதான். பாசேஜின் சொற்களைத் தப்பு ஆப்ஷன்களில் தூவிவிடுவார்.

இன்னொரு பொறி 'ஜாங் குவான் லி தாய்', ஜாங்கின் தொப்பியை லியின் தலையில் வைப்பது. பாசேஜில் ஓர் ஆய்வாளர் ஒன்று சொல்வார், விமர்சகர் வேறொன்று சொல்வார், கேள்வி 'ஆசிரியர் கருத்து என்ன' என்று இருக்கும். மூன்று பேர் பேசும் பாசேஜில் ஒவ்வொருவர் பெயரைச் சுற்றியும் பெட்டி போடச் சொல்லுங்கள். சீன எழுத்தில், நம் எழுத்தைப் போலவே, கேப்பிட்டல் கிடையாது. அதனால் இங்கிலீஷ் பெயர் ஒன்றைப் பார்த்ததும் தெரியாத வார்த்தை என்று நினைத்து மலைத்து நிற்பது நடக்கிறது. வாக்கிய நடுவில் பெரிய எழுத்தில் தொடங்கினால் அது பெயர், கடந்து போகலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மையக் கருத்துக் கேள்வியில் அடிக்கடி விழும் குழி: பாசேஜ் ஊரார் நம்பும் ஒன்றோடு தொடங்கி, இரண்டாம் பத்தியில் 'ஹவெவர்' போட்டுத் திரும்பும். முதல் வாக்கியம்தான் மையம் என்று பழகியவர்கள் ஊரார் நம்பிக்கையைக் குறிப்பார்கள். 'ஹவெவர்', 'பட்', 'யெட்' மூன்றுக்கும் முக்கோணம் போடட்டும்.

தெரிந்த சொல்லின் தெரியாத அர்த்தத்தையும் கவனியுங்கள். செயலியில் 3,000 வார்த்தை என்பது பெரும்பாலும் வார்த்தைக்கு ஒரு அர்த்தம். 'அட்ரஸ்' என்றால் முகவரி என்று மட்டும் தெரிந்தவருக்கு 'அட்ரஸ் தி ப்ராப்ளம்' இருட்டு. 'ஃபைன்' அபராதம், 'புக்' முன்பதிவு, 'கம்பெனி' துணை, 'சேர்' கூட்டத்துக்குத் தலைமை. தினம் 50 புதுச் சொல்லை 20 ஆக்கி, பாசேஜில் வந்த பழைய சொல்லின் புது அர்த்தம் 5 சேருங்கள், அது வந்த வாக்கியத்தோடு.

தப்புக் குறிப்பேடு, அவர்கள் மொழியில் 'ட்சுவோதிபென்', எல்லாரிடமும் இருக்கும். திறந்து பாருங்கள், கேள்வியை அழகாக நகல் எடுத்து, கீழே காரணம் 'ட்சூஷின்', கவனக்குறைவு, என்று எழுதியிருக்கும். அது காரணம் இல்லை. நான்கு விஷயம் கேளுங்கள்: விடை இருக்கும் பாசேஜ் வாக்கியம், சரியான ஆப்ஷன் அதை எந்தச் சொல்லால் மாற்றியது, தான் குறித்தது எந்த வகைப் பொறி, தான் அதை ஏன் நம்பினேன். 30 தப்பு சேர்ந்ததும் எண்ணிப் பார்த்தால் ஒருவருக்கு ஒரே வகைப் பொறி திரும்பத் திரும்ப வருவது தெரியும். அவருக்கு அதற்கு மட்டும் பயிற்சி.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். 'மூன்று நீளம் ஒன்று குட்டை என்றால் குட்டையை எடு, மூன்று குட்டை ஒன்று நீளம் என்றால் நீளத்தை எடு' என்ற வாய்ப்பாடு சீன மாணவர்களிடம் பள்ளியிலிருந்தே பழக்கம். அதைக் கையில் வைத்திருப்பவர் வாக்கியத்தை உடைக்க உட்காரவே மாட்டார். பயிற்சியில் அதற்கு இடமே தராதீர்கள், தேர்வு அறையில் நேரம் தீர்ந்து வெறுமனே நிற்கும் கட்டத்துக்கு எதைக் குறித்தாலும் ஒன்றுதான். 'ஆல்', 'நெவர்', 'ஒன்லி' இருந்தால் தப்பு என்பதும் அப்படியே. பாசேஜிலேயே 'ஒன்லி' இருந்தால் ஆப்ஷனிலும் இருக்கலாம்.

---

நீலமலர் எழுதியது:

மூவருக்கும் நன்றி. இன்று இரண்டு மை முறையை ஒரு பாசேஜில் வைத்துப் பார்த்தேன். நான்கு பேரில் மூவருக்கு நீலமும் சிவப்பும் ஒரே எண், 2. நாலாவது பெண்ணுக்கு 2, 4. ஆக, அவருக்கு மட்டும் கேள்வி முதலில், மற்றவர்களுக்கு ஐந்து வாரம் பாசேஜ் முதலில் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஒரு விஷயம் விநோதமாக இருந்தது. 2.3 மில்லியன் என்று பாசேஜில் இருந்ததை அந்தப் பெண்ணும் சேர்த்து மூன்று பேர் பத்தில் ஒரு பங்காக எடுத்துத் தப்பான ஆப்ஷனைக் குறித்தார்கள். கணக்கில் நல்ல மாணவர்கள். இது ஏன்?

---

பனையோலை எழுதியது:

சீன எண் நான்கு சுழியம் ஒரு கட்டு. பத்தாயிரத்துக்கு 'வான்', பத்துக் கோடிக்கு 'யி'. இங்கிலீஷ் மூன்று சுழியம் ஒரு கட்டு. 2.3 மில்லியன் அவர்கள் கணக்கில் 230 வான், அவசரத்தில் 23 வான் என்று எடுத்திருப்பார்கள். லட்சம், கோடியில் நினைக்கும் நமக்கும் 23 லட்சம் என்று மாற்ற ஒரு நொடி ஆகிறதே, அதே இடறல்.

ஓர் அட்டையில் இதை மட்டும் எழுதி மேசையில் ஒட்டச் சொல்லுங்கள்: 1 மில்லியன் 100 வான், 10 மில்லியன் 1,000 வான், 100 மில்லியன் 1 யி, 1 பில்லியன் 10 யி. வகுப்புத் தொடக்கத்தில் தினம் 5 எண், நீங்கள் இங்கிலீஷில் சொல்ல அவர்கள் சீனத்தில் எழுத வேண்டும், 1 நிமிடம். 640 ஆயிரம், 7.5 மில்லியன், 48 மில்லியன், 1.4 பில்லியன் மாதிரி. கூடவே 'பை 30 பர்சென்ட்', 'டு 30 பர்சென்ட்' இரண்டையும் கலந்து கேளுங்கள். 50இல் இருந்தது 'டு' போட்டால் 30 ஆகிறது, 'பை' போட்டுக் குறைந்தால் 35. எண் கேள்வியில் அடுத்ததாக அவர்கள் விழப் போகும் இடம் அதுதான்.